பிளாவ்ஷிச்சின் வருத்தம்

பிலியானா பிளாவ்ஷிச்சைப் பற்றிப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை.

சரயேவோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர். 1992-இல் பொஸ்னியப் போர் தொடங்கியபோது, பொஸ்னிய செர்பியர்களின் தலைவர் ராதோவான் கராஜிச்சுக்குப் பக்கத்தில் நின்ற செர்பியத் தலைவர்களில் ஒருவர். பொஸ்னிய முஸ்லிம்களை மரபணு ரீதியாகவே பழுதானவர்கள் என்று பேசியவர். வகுப்பில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர் அதே உயிரியலை வைத்து இப்படிப் பேசினார் என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

2001-இல் முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஹேக் நகரில் இருந்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் தானாகவே சரணடைந்தார். அடுத்த ஆண்டு, மனித குலத்துக்கு எதிரான குற்றமாகிய இனரீதியான துன்புறுத்தலை ஒப்புக்கொண்டார். இனப்படுகொலை உள்ளிட்ட மற்ற குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. நீதிமன்றத்தில் வருத்தமும் தெரிவித்தார். அந்தத் தரப்பின் பெரிய தலைவர் ஒருவர் இப்படிப் பேசியதைப் பலரும் வரவேற்றார்கள். 2003-இல் 11 ஆண்டு தண்டனை. அவ்வளவுதான்.

அப்புறம் சுவீடன் சிறையில் இருந்தபடியே ஒரு பத்திரிகையிடம், தான் தவறே செய்யவில்லை, மற்ற குற்றச்சாட்டுகளை நீக்கவே ஒப்புக்கொண்டேன் என்று சொன்னார். 2009 அக்டோபரில், மூன்றில் இரண்டு பங்கு தண்டனை முடிந்ததும் விடுதலை. அவரை செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்கு அழைத்துவர, பொஸ்னியாவுக்குள் இருக்கும் பொஸ்னிய செர்பியர்களின் தனி அரசுடைய விமானமே போனது. அங்கே அவரை வரவேற்றவர் அந்த அரசின் பிரதமர் மிலோராத் தோதிக்.

வீடு வாசல் இழந்து, மகனையும் கணவனையும் இழந்து நின்ற பொஸ்னியப் பெண்களும் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காகத் தண்டனையைக் குறைத்தால், பிறகு அதை மறுக்கும்போது கேள்வி கேட்கவும் நீதிமன்றத்துக்கு வழி இருந்திருக்க வேண்டும்.