ஜாமீன் மனுவும் தோட்டத்து முகவரியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வழக்கறிஞர் தொழில் செய்யும் எனக்கு, கடுங்குற்ற வழக்குகளில் ஜாமீன் மறுக்கப்பட்டதைச் சொல்வதைவிட, அதைக் கேட்கவே வழியில்லை என்று குடும்பத்தாருக்கு விளக்குவதுதான் எப்போதும் சிரமமாக இருந்திருக்கிறது. மகன் பிடிபட்ட மறுநாள் செம்பனைத் தோட்டத்திலிருந்து நேரே வந்து உட்காரும் தாய், "அவங்கப்பா இபிஎஃப் சேமநிதிப் பணம் இருக்குங்கய்யா, எவ்வளவு கட்டணும்னு மட்டும் சொல்லுங்க" என்பார். அந்த நேரத்தில் நான் தேடிக்கொண்டிருப்பது குற்றச்சாட்டில் குறித்திருக்கும் போதைப்பொருளின் எடையை.

1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு, மரண தண்டனையோ ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு ஜாமீன் தருவதை அறவே தடுக்கிறது. சியாபு எனப்படும் மெத்தாம்பெட்டமின் 50 கிராமை எட்டினால் கடத்தல் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். 5 கிராமுக்கு மேல் 30 கிராமுக்குள் இருந்தால், அரசு தரப்பு பொதுநலன் கருதி எதிர்ப்புச் சான்றிதழ் கொடுக்காதவரை, நீதிபதியிடம் வாதாட இடமுண்டு. ஆகவே நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே தராசு பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. இரசாயன அறிக்கை வந்து எடை குறைந்தால் குற்றச்சாட்டு மாறலாம், ஆனால் அதுவரை பையன் உள்ளேதான் இருக்க வேண்டும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 388ஆம் பிரிவு இவ்வளவு இறுக்கமானதல்ல. மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தாலும், 16 வயதுக்குட்பட்டவர், பெண், நோயுற்றவர் அல்லது உடல் நலிந்தவர் என்றால் நீதிமன்றம் விடுவிக்கலாம் என்கிறது. 41பி பிரிவில் அப்படியொரு விலக்கு இல்லை. கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்காக நான் மனு போட முடியும். யாரோ கொடுத்த பையைச் சுமந்து வந்து போதைப்பொருள் கடத்தலுக்கான 39பி பிரிவின்கீழ் சிக்கிய பெண்ணுக்காக முடியாது. இதற்கு நியாயம் கற்பிக்க என்னால் இன்றுவரை இயலவில்லை. நோயைக் காரணம் காட்டுவதும் எளிதன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று தொடங்கினால், சிறை மருத்துவமனையிலேயே மருந்து உண்டு என்று துணை அரசு வழக்கறிஞர் எழுந்துவிடுவார்.

நீதிபதிக்கு விருப்புரிமை உள்ள வழக்குகளில், 1948ஆம் ஆண்டு வீ சுவீ சியாங் வழக்கில் சொல்லப்பட்ட அம்சங்களையே இன்றும் எடுத்துரைக்கிறோம்: குற்றத்தின் கடுமை, தப்பியோடும் வாய்ப்பு, சாட்சிகளைக் கலைக்கும் அபாயம், எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வசதியும் சமூக நிலையும். தோட்டத்து இளைஞன் இடறி விழுவது பெரும்பாலும் கடைசி அம்சத்தில்தான். வீடு கம்பெனியுடையது, தகப்பனுக்கு வேலை போனால் வீடும் போகும், மின்சாரக் கட்டண ரசீதில் அவன் குடும்பத்தின் பெயர் இருப்பதில்லை. நிலையான முகவரி இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது? கோயில் தலைவரின் நற்சான்றுக் கடிதத்தைக் குடும்பத்தார் பெரிதாக நம்புகிறார்கள், நீதிபதிகள் அதைப் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவும் அதைவிடக் கனமானவை என்பது என் அனுபவம்.

ஜாமீன் தொகை மிகையாக இருக்கக்கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவு சொல்கிறது. எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கோலாலம்பூரில் மிகையாகத் தோன்றாமல் இருக்கலாம். 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம்.

மறுப்பு எல்லாமே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவிப்பதற்கான தண்டனைச் சட்டத்தின் 326ஆம் பிரிவின்கீழ் வந்த ஒரு பாராங் (வெட்டுக்கத்தி) வழக்கில், வெட்டுப்பட்டவரின் வீடும் என் கட்சிக்காரரின் வீடும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரே லயத்தில் எதிரெதிரே இருந்தன. வெட்டுப்பட்டவரின் மனைவியே முக்கிய சாட்சி. தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாலும் எதிரியின் முகத்தில்தான் அவர் விழிக்க வேண்டும். சாட்சி கலையும் என்று அரசு தரப்பு சொன்னதில் மிகையில்லை. அதனால் தொகையைப் பற்றி நான் பேசவே இல்லை. தைப்பிங்கில் அத்தை வீட்டில் தங்குவான், மாதந்தோறும் அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்திடுவான், தோட்டத்துக்குள் காலடி வைக்கமாட்டான் என்ற நிபந்தனைகளை நானே முன்வைத்தேன். நீதிபதி அவற்றை ஏற்று, அத்தையின் கணவரையே ஜாமீன்தாரராக நிற்கச் சொன்னார்.