எட்டாம் பக்கத்தின் குமிழிகள் ஒருவழியாகப் படிக்கும்படி வந்துவிட்டன

விடுமுறையில் வரைந்துகொண்டிருக்கும் காமிக்ஸின் எட்டாம் பக்கத்துக்கு எழுத்து போட்டு முடித்துவிட்டேன். எழுத்து மட்டும்தான். உருவங்கள் எல்லாம் இன்னும் பென்சிலிலேயே இருக்கின்றன, மை போடவில்லை. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. விடுமுறை தொடங்கியதிலிருந்து என்னை நகரவிடாமல் வைத்திருந்தது படம் இல்லை, பேச்சுக் குமிழிகள்தான். ஏ3 தாளில் எழுதியதை ஏ4 அளவுக்குச் சுருக்கி அச்சிட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு ‘ணை’ கூட அடைத்துக்கொள்ளவில்லை!

கதை இதுதான். பழைய கையடக்க வீடியோ கேமின் கார்ட்ரிட்ஜ் ஒன்று, அதாவது கேம் பதிந்திருக்கும் சின்னப் பெட்டி, ஒரு சிறுமியின் கையில் கிடைக்கிறது. அவளுடைய அண்ணன் சின்ன வயதில் பாதியில் விட்ட ஆட்டம் அதில் சேமிப்பாக இருக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரி தீரப்போகிறது. அது தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும் என்பது, அதற்குள் வாழும் வீரனுக்குத் தெரியும். அந்தக் காலக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்குள் நிஜமாகவே ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. விளையாடாத நேரத்திலும் சேமிப்பை உயிரோடு வைத்திருப்பது அதுதான். 1999-இல் வந்த போகிமான் கோல்ட், சில்வர் கேம்கள் இரண்டிலும் ஒரு கடிகாரம் வேறு அதே பேட்டரியில் ஓடுகிறது. அதனால் அவற்றில் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். ஒரு வில்லனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? இன்றைக்குப் பல கேம்களின் சேமிப்பு இணையத்தில் எங்கோ பத்திரமாக இருக்கிறது. வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து இப்படி ஒரு கதை எழுத முடியாது.

சரி, குமிழிக்கு வருகிறேன். ஜப்பானிய காமிக்ஸான மங்காவைப் பார்த்து வரையக் கற்றவர்களின் கையில் குமிழி தானாகவே நெட்டையாகத்தான் வரும். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே நெட்டைக் குமிழிக்குள் தமிழை எழுதினால் ஒரு வரிக்கு ஒரு சொல்கூட நிற்காது. இரண்டு பக்கமும் வெள்ளை தெரியும், சொல் பாதியில் உடையும். தமிழுக்குக் குமிழி படுக்கையாக இருக்க வேண்டும். வரிக்கு இரண்டு சொல், மொத்தம் மூன்று வரி, அதற்கு மேல் போனால் இன்னொரு குமிழி. எட்டாம் பக்கத்தின் எல்லாக் கட்டங்களையும் இதற்காகவே அகலமாக்கிவிட்டேன். இப்போது முதலில் எழுத்து, அதைச் சுற்றிக் குமிழி, மிச்சமிருக்கும் இடத்தில்தான் ஆள் என்று போகிறேன். அமெரிக்க காமிக்ஸிலும் கையால் எழுதிய காலத்தில் பென்சில் வேலை முடிந்ததும் எழுத்துக்காரரிடம் பக்கம் போய், அப்புறம்தான் மை போடுபவரிடம் போகும். அந்த வரிசைக்கான காரணம் இப்போது கைக்கே புரிகிறது.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் எல்லாம் பெரிய எழுத்து. மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு மேலே புள்ளியும் ‘டி’, ‘டீ’ போன்றவற்றின் வளைவும் சுழியும், கீழே வாலும். மேல் வரியில் ‘விழுந்தது’, அதற்கு நேர் கீழே ‘ஓடிப்போ’ என்று வந்தால் ‘ழு’வின் வால் இறங்கி ‘டி’யின் வளைவில் முட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து பெயர் தெரியாத ஓர் எழுத்தாகத் தெரியும். எழுத்தின் உடல் ஐந்து மில்லிமீட்டர் என்றால் அடுத்த வரிக்கு முன் இன்னொரு ஐந்து மில்லிமீட்டர் காலியாக விட்டாக வேண்டும். இதற்காகத் தடித்த அட்டையில் ஓர் அளவுச்சட்டம் வெட்டி வைத்திருக்கிறேன். உடலுக்கு இரண்டு கோடு, மேலே வளைவுக்கு ஒன்று, கீழே வாலுக்கு ஒன்று, ஆக வரிக்கு நான்கு பள்ளம். அதை வைத்து வெளிர்நீலப் பென்சிலால் இழுத்துவிட்டால், ஸ்கேன் செய்யும்போது நீலத்தை நீக்கிவிடலாம். பிளாஸ்டிக்கில் விற்கும் ஏம்ஸ் அளவுச்சட்டத்தின் துளைகள் ரோமன் எழுத்தை மனதில் வைத்துப் போட்டவை. தமிழுக்கு அட்டையில் நாமே வெட்டிக்கொள்வது நல்லது.

பேனாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிக்மா மைக்ரானில் 05 எண் பேனா 0.45 மி.மீ. கோடு போடும். ‘ப’, ‘ட’, ‘ம’ எல்லாம் அதில் அழகாக இருக்கும். ‘ண’ வந்ததும் வளைவுகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையை மை தின்றுவிடும். ஏ3-இலிருந்து ஏ4-க்குச் சுருக்கும்போது எல்லாமே சுமார் 71 சதவீதமாகிறது, ஐந்து மில்லிமீட்டர் எழுத்து மூன்றரையாகிவிடுகிறது. தாளில் பார்க்கும்போது தப்பித்த ‘ஞ’, அச்சில் கறுப்புப் பொட்டாக வந்து நிற்கும். 01 எண் பேனா, அதாவது 0.25 மி.மீ., இதைத் தீர்த்துவிட்டது. ஆனால் அதில் மட்டும் எழுதினால் பக்கம் முழுக்க மெலிந்து கிடக்கிறது. அதனால் எல்லாவற்றையும் 01-இல் எழுதிவிட்டு, அழுத்திச் சொல்லும் சொற்களின் நேர்கோடுகளை மட்டும் 05-ஆல் மறுபடி இழுக்கிறேன். ‘போகாதே’ என்பதில் ‘ப’வின் இரண்டு தூண்களும், துணைக்காலின் நிமிர்ந்த கோடும் தடிக்கும், வளைவுகள் மெல்லிசாகவே இருக்கும். குரல் உயர்ந்தது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. எட்டாம் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பேனாக்களை இணையத்தில் மொத்தமாக வாங்காதீர்கள். எனக்கு வந்தவற்றில் பாதி காய்ந்துபோய் வந்தது. நேரில் போய், மூடியைத் திறந்து ஒரு கோடு இழுத்துப் பார்த்து வாங்குங்கள். தாளும் வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் எவ்வளவு நல்ல பேனாவின் கோடும் பிசிறும்.

கணினியில் எழுத்துருவைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போட்டுப் பார்த்தேன். நான் வரையும் மென்பொருளில் ‘கொ’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறுகிறது. இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் சரியாக வருகிறது, அங்கே எழுதிக் கொண்டுவந்து ஒட்டலாம். ஆனால் நடுங்கும் கோட்டில் வரைந்த முகத்துக்குப் பக்கத்தில் இழைத்துவிட்ட மாதிரி எழுத்து நின்றால் இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. ‘ஐயோஓஓ’ என்று ஒருவன் கீழே விழும்போது ஒவ்வொரு ‘ஓ’வும் முந்தையதைவிடச் சின்னதாகி, சாய்ந்து, கட்டத்தின் ஓரத்தைத் தாண்ட வேண்டும். கைக்கு அது ஒரு நிமிட வேலை.

வசனத்தையும் வெட்டினேன். வீரன் முதலில் “நான் இன்னும் இங்கேயேதான் காத்துக்கொண்டிருக்கிறேன்” என்றான். நான்கு வரி ஆனது, அவனுடைய தலையே மறைந்தது. இப்போது “இன்னும் இங்கதான் இருக்கேன்” என்கிறான். இரண்டு வரிதான், வலியும் கூடிவிட்டது. குமிழிக்குள் பேச்சுத் தமிழ், மேலே பெட்டியில் வரும் கதைசொல்லிக்கு எழுத்துத் தமிழ் என்பதுதான் சரியான பங்கீடு என்று நினைக்கிறேன். பழைய காமிக்ஸில் கொள்ளைக்காரன்கூட இலக்கண சுத்தமாக மிரட்டுவது ஒரு தனி ருசி, ஆனால் தங்கச்சி அண்ணனைக் கூப்பிடும் இடத்தில் அது எடுபடாது.

பேசுபவரைச் சுட்டும் குமிழியின் வாலுக்கு வாத்தியார் இரும்புக்கை மாயாவிதான். 1972-இல் முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். வாய் இல்லாத இடத்தில் வாலை எங்கே நீட்டுவது? கையைப் பார்த்து, வாய் இருக்கக்கூடிய உயரத்தை யோசித்து, அந்த வெறுமையை நோக்கி நீட்ட வேண்டும். என் வீரனும் கடைசிப் பக்கங்களில் மங்கி மறையப்போகிறான் என்பதால் அந்தக் கட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் நீண்ட விடுமுறையில்தான் நடக்கும். ஒருநாள் லீவில் கை சூடேறுவதற்குள் இருட்டிவிடும். தேர்வுக் காலத்தில் காமிக்ஸ் படிக்கலாம், பத்து நிமிடத்தில் ஒரு அத்தியாயம் முடியும். பெரிய ரோல்பிளே கேம்களுக்கு விடுமுறைதான் லாயக்கு. பண்டிகை நாளில் மட்டும் கிடைக்கும் பரிசு என்று வைத்து, நம்மை அன்றைக்குத் திரைக்கு முன் உட்கார வைக்கும் கேம்கள் மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. விடுமுறை ஆடுபவருக்குச் சொந்தமானது, கேமுக்கு இல்லை.

மை போடுவதற்கு முன்பே மனது பத்தாம் பக்கத்துக்குத் தாவிவிட்டது. அதில் கேமின் திரையே ஒரு முழுக் கட்டம். கேம்பாய் என்ற அந்தப் பழைய கையடக்கக் கருவியின் திரை 160×144 புள்ளிகள்தான், எழுத்து ஒவ்வொன்றும் 8×8 புள்ளி. முதல் போகிமான் கேம்களின் வசனப் பெட்டியில் இரண்டு வரி, வரிக்கு 18 எழுத்து. அதே கெடுபிடிக்குள் வீரன் தமிழில் பேச வேண்டும். எட்டுப் புள்ளி அகலத்தில் ‘ன’ உட்கார்ந்துவிடுகிறது, ‘ண’ மாட்டேன் என்கிறது. அதற்கு மட்டும் பன்னிரண்டு கொடுத்தேன். உயரம் பதினாறு வைத்தால் மேல் வளைவுக்கும் வாலுக்கும் இடம் கிடைக்கிறது. கட்டம் போட்ட நோட்டில் இப்போது ககர வரிசை முடிந்திருக்கிறது. அண்டர்டேல் (2015) என்ற கேமில் சான்ஸ், பாப்பிரஸ் என்ற பாத்திரங்கள் இருவரும் தங்கள் பெயர் கொண்ட எழுத்துருவிலேயே பேசுவார்கள், எழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிடும். அதுபோல வீரனுக்குப் புள்ளி எழுத்து, தங்கச்சிக்கு 01 பேனா என்று பிரிக்கப்போகிறேன். பேட்டரிக்கு ஒரு குரல் கொடுக்கலாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கொடுத்தால் அதற்கு மூன்றாவதாக ஒரு கையெழுத்து பழக வேண்டும்.