குளிரில் தெளியும் பீர்: 20 லிட்டர் ஏல், நாட்குறிப்பு

நவம்பர் 3

ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை நொதிக்க நொதிக்கக் குறையும்) 1.050-இல் தொடங்கியது, இன்று 1.018. நொதித்தல் இன்னும் ஓடுகிறது. பின்னால் குளிரூட்டும்போது வெளிக்காற்றுக்குப் பதில் கலனுக்குள் போவதற்காக, நொதித்தல் வாயுவைப் பிடிக்கும் ஃபாயில் பையை இப்போதே மாட்டியாயிற்று. நொதித்தல் அடங்கிய பிறகு மாட்டினால் பை காலியாகவே தொங்கும். பை நிறைந்ததும் அதன் வாயை அடைத்துவிட்டு ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீர் அடைப்பு) திரும்பப் போட வேண்டும். மறந்தால் மூடி பிதுங்கும்.

நவம்பர் 6

1.011. வெப்பம் 20 டிகிரி.

நவம்பர் 8

அதே 1.011. அளவு நகரவில்லை என்பதால் மட்டும் குளிரில் வைத்துவிடக் கூடாது. இரண்டு கிளாஸில் மாதிரி எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவைத்து, இரண்டையும் முகர்ந்து பார்த்தாயிற்று. சூடாக்கியதில் லேசான வெண்ணெய் வாடை. வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலாக மாறக்கூடிய பொருள் பீரில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அது டைஅசிட்டைலாக மாறியதும் தின்று தீர்ப்பது ஈஸ்ட்தான். குளிரில் ஈஸ்ட் உறங்கிவிடும், வாடை பாட்டிலுக்குள் போய்ச் சேரும். ஆகவே இன்னும் இரண்டு நாள் 21 டிகிரியில்.

நவம்பர் 10

சோதனையில் வாடை இல்லை. குளிரூட்டல் ஆரம்பம், இலக்கு 2 டிகிரி. வெப்ப உணரியை ஃபிரிட்ஜின் காற்றில் தொங்கவிடாமல் கலனின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே நுரைப்பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. காற்றை அளந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் நின்று நின்று ஓடும். கலன் பின்சுவரைத் தொடாமல் இருக்கட்டும். அங்கே பீர் உறையலாம்.

ஏர்லாக் போய், பை மறுபடி இணைந்தது. இந்த முழு வேலையிலும் மிக முக்கியமான இணைப்பு இதுதான். கலனில் பீருக்கு மேலே 5 லிட்டர் காலியிடம் இருந்தால், 20-லிருந்து 2 டிகிரிக்கு இறங்கும்போது வாயு சுருங்குவதால் மட்டும் சுமார் 300 மில்லி உள்ளே இழுக்கப்படும். குளிர்ந்த பீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்வதால் உண்மையில் இன்னும் அதிகம். பை இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வெளிக்காற்று வரும்: சில வாரத்தில் ஈர அட்டைச் சுவை, மங்கிய நிறம். துளையை இறுக அடைப்பதும் வழியல்ல. பிளாஸ்டிக் கலன் உள்வாங்கும், கண்ணாடி விரிசல் விடலாம்.

நவம்பர் 11

4 டிகிரி. பை பாதியாகச் சூம்பிவிட்டது. பீர் நேற்றைவிடக் கலங்கல், நல்ல அறிகுறி. புரதமும் பாலிஃபீனாலும் குளிரில் சேர்ந்து உண்டாக்கும் மங்கல் இது. ஜெலட்டின் போட இதுவே நேரம், ஏனென்றால் மங்கல் உருவாகும் முன் போட்டால் ஈஸ்ட் மட்டுமே இறங்கும். கொதித்து ஆறிய 150 மில்லி நீரில் 4 கிராம் தூவி, 10 நிமிடம் ஊறவைத்து, 65 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைத்தது. கொதிக்கவிட்டால் அதன் நீளச் சங்கிலிகள் உடைந்து வேலை குறையும். மூடியைத் திறக்காமல், ஏர்லாக் துளை வழியே ஊசிக்குழலால் விட்டாயிற்று. விலங்குப் பொருள் வேண்டாதவர்கள் இதை விட்டுவிட்டு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

நவம்பர் 15

கலனுக்குப் பின்னால் பிடித்த டார்ச் ஒளி தெளிவாகத் தெரிகிறது. அடியில் மண்டி கெட்டியாகப் படிந்திருக்கிறது. சைஃபன் நுனியை அதற்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்தி 19 லிட்டர் எடுத்தாயிற்று.

பாட்டிலில் வாயு ஏற்றச் சேர்க்கும் சர்க்கரையின் கணக்கில் பலர் தவறுவது இங்கேதான்: கணிப்பானில் இன்றைய 2 டிகிரியைப் போடக் கூடாது. நொதித்தல் முடிந்தபின் பீர் தொட்ட அதிக வெப்பம், அதாவது 21, அதுதான் சரி. 2.4 அளவு வாயுவுக்கு (பீரின் கனஅளவைப் போல 2.4 மடங்கு கார்பன் டை ஆக்சைடு) சுமார் 112 கிராம் சர்க்கரை. 2 டிகிரி என்று போட்டால் ஏறக்குறைய பாதிதான் காட்டும். பீர் சப்பென்று இருக்கும். ஐந்து நாள் குளிருக்குப் பிறகும் பாட்டிலில் வாயு ஏற்றப் போதுமான ஈஸ்ட் மிதக்கும், தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. பாட்டில்கள் 20 டிகிரியில், இரண்டு வாரம்.