இறாக்கைகளுக்கு நடுவே ஒரு கண்காட்சி

போன கிழமை, நான் படித்த கல்லூரிக்கு ஒரு சான்றிதழ் எடுக்கப் போனேன். நாளைக்கு வாங்கோ என்றார்கள். சரி, வந்ததுதான் வந்தோம் என்று நூலகத்துக்குள் நுழைந்தால், இறாக்கைகளுக்கு நடுவே மாணவர்களும் விரிவுரையாளர்களும் வரைந்த படங்கள்.

யார் மாணவர், யார் ஆசிரியர் என்று பிரிக்காமல் கலந்து மாட்டியிருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கியல் படிப்பித்த, சிரித்தே நாங்கள் பார்த்திராத சேர், வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தை நீர்வர்ணத்தில் வரைந்திருந்தார், அதுவும் மழைக்கு முந்திய அந்தச் சாம்பல் வெளிச்சத்தோடு. பக்கத்தில் முதலாம் வருடப் பிள்ளை ஒன்றின் கரிக்கோட்டுப் படம்: புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமையின் முதுகு. உண்மையைச் சொன்னால், பிள்ளையுடையதுதான் மேல்.

ஆனால் சேரின் படம் மேற்கு யன்னலுக்கு நேரெதிரே தொங்குகிறது. கடதாசியில் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள், இங்கே பின்னேரம் கண்ணே கூசுகிறது. வர்ணம் வெளிறிவிடும், கொழும்பு ஈரப்பதத்துக்குக் கடதாசி வேறு அப்பளம் மாதிரி நெளியும். நூலகர் அக்காவிடம் சொன்னேன். "வேற சுவர் எங்க தம்பி இருக்கு, எல்லாம் இறாக்கை" என்றார். அதுவும் நியாயம்தான்.

லயனல் வென்ட் கலையரங்கத்துக்கோ, 1993இலிருந்து கொழும்பு கிறீன் பாத் வீதியில் நடக்கும் கலா பொல என்ற ஓவியச் சந்தைக்கோ படம் பார்க்கவென்றே உடுத்திக்கொண்டு போகிறோம். இங்கே பரீட்சைக்குப் படிக்க வந்தவன் தலையை நிமிர்த்தினாலே படம். நான் போன நேரம் ஒருவன் அந்தத் தண்டவாளத்துக்குக் கீழேயே மேசையில் கவிழ்ந்து நல்ல நித்திரை.