பின் நம்பர் கேட்டால் மட்டும் பத்திரமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்னக் கம்பெனிகளுக்கு ஆப் எழுதிக் கொடுக்கிறேன், மற்றவர்கள் எழுதியதைச் சோதித்தும் கொடுக்கிறேன். திறக்கும்போது பின் நம்பர் கேட்கிறது, கைரேகை கேட்கிறது, அதனால் உள்ளே இருப்பதெல்லாம் பத்திரம் என்று வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். எழுதுகிறவர்களே பல பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பெரும்பாலும் அந்தப் பின் மறைப்பது திரையை மட்டும்தான்.

சமீபத்தில் ஒரு கடன் ஆப் கைக்கு வந்தது. ரூட் செய்த, அதாவது ஆண்ட்ராய்டின் பூட்டுகளைக் கழற்றிய டெஸ்ட் போனில் போட்டு அதன் ஃபோல்டருக்குள் போனால், ஆப் தன் சின்னச் சின்னத் தகவல்களைச் சேமிக்கும் ஷேர்டு ப்ரிஃபரன்சஸில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல்: பெயர், அடையாள எண், லாகின் ஆனவர் என்பதற்கு அடையாளமான டோக்கன், எல்லாம் யாரும் படிக்கும்படி பச்சையாக. நம் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். டோக்கன் அதைவிட மோசம், அது செல்லுபடியாகும் வரை பாஸ்வேர்டே இல்லாமல் வேறு போனிலிருந்து கணக்குக்குள் நுழைந்துவிடலாம்.

ரூட் செய்யாத போனில் வேறு ஆப் அதைத் தொட முடியாதே என்றார் எழுதியவர். உண்மைதான், ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனியாக அடைத்துத்தான் வைக்கிறது. ஆனால் இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் திரை உடைந்த போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது லாக் நம்பரையும் சேர்த்துத்தானே சொல்லிவிட்டு வருகிறோம்? அப்படித் திறந்த போனில், பேக்கப்பை (தகவலை நகலெடுக்கும் வசதியை) அணைக்காமல் விட்ட பழைய ஆப் என்றால் ரூட்டே வேண்டாம், கேபிளைச் சொருகிக் கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 12-க்கு என்று கட்டிய ஆப்களில்தான் அந்த வழி அடைபட்டது.

அடையாள எண் போனில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சர்வரில் இருந்தால் போதும். டோக்கன் இருந்துதான் ஆக வேண்டும், சரி, அதை ஆண்ட்ராய்டின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் உருவாக்கிய சாவியால் பூட்டுங்கள், ஐபோனில் அதன் ரகசியப் பெட்டகமான கீசெயினில் வையுங்கள். கைரேகை வைத்தால்தான் சாவியே வேலை செய்யும் என்று அமைத்தால், அந்தக் கைரேகை அப்போதுதான் நிஜமாகவே எதையாவது காக்கிறது. சாவியை ஆப்பின் நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பவர்களும் உண்டு, ஏபிகேயை (ஆண்ட்ராய்டு ஆப்பின் இன்ஸ்டால் ஃபைலை) பிரித்தால் அதுவும் கையில் வந்துவிடும். அப்புறம், ஐபோனில் ஆப்பை நீக்கினாலும் கீசெயினில் வைத்தது தங்கிவிடும், மறுபடி போட்டு முதல் தடவை திறக்கும்போதே பழையதைத் துடையுங்கள்.

தனிநபர் தகவலைக் காக்கும் தென்னாப்பிரிக்காவின் பொப்பியா (POPIA) சட்டத்தின் 19ஆவது பிரிவு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது. 2021 ஜூலை 1 முதல் அமலாக்கம் நடக்கிறது, அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம்.

அந்த ஆப்பில் அடையாள எண்ணை எடுத்துவிட்டார்கள். டோக்கன் இன்னும் அதே ஃபைலில்தான் கிடக்கிறது, அது மாறும்வரை நான் சரி என்று எழுதிக் கொடுக்கப் போவதில்லை.