டீ குடித்த பூனை

திருப்பூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர், பனியன் கம்பெனி வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களும் தமிழ் படிக்க வேண்டும். ஆனால், வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லும் காதில் விழாத குழந்தைக்கு ‘அம்மா, ஆடு, இலை’ என்று எழுத்தை மட்டும் காட்டினால் மொழி வந்துவிடாது என்பது முதல் ஆண்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் கதைக்கு வந்தேன்.

கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளேன் ரே உருவாக்கிய கதைவழி முறையை என் வகுப்புக்கு ஏற்றபடி எளிமையாக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு மூன்று புதிய சொற்கள் போதும். ‘பூனை குடித்தது’ என்று சொல்லிவிட்டு, பூனை குடித்ததா, நாய் குடித்ததா, பால் குடித்ததா, டீ குடித்ததா என்று கேட்டுக்கொண்டே போவேன். பிள்ளைகள் சொல்லும் விடையே கதையின் அடுத்த வரி. தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தெருவில் ‘குடிச்சுது’ என்று கேட்கும் குழந்தை புத்தகத்தில் ‘குடித்தது’ என்று பார்த்துத் திகைக்கிறது. ஆகவே பேச்சு வழக்கில் கதை சொல்லி, அது மனத்தில் பதிந்த பிறகே எழுத்து வழக்கில் கரும்பலகையில் எழுதுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் மனம் சோர்ந்துபோகும் நாள்கள் உண்டு. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டும் பத்து முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைவிட வலிப்பது, பெற்றோர் கம்பெனி மாறும்போது பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான்.

சென்ற ஆண்டு பீகாரிலிருந்து வந்த ஒரு சிறுமி, நான்கு மாதங்கள் வாயே திறக்கவில்லை. கம்பெனிக்குள் நுழைந்து துணி மூட்டைமேல் தூங்கும் பூனையின் கதை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் கவனக்குறைவாக, “பூனை பால் குடிச்சுது” என்றேன். கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து, “இல்லைங்க டீச்சர், பூனை டீ குடிச்சுதுங்க” என்றாள். முந்தைய நாள் வகுப்பு அப்படித்தான் முடிவு செய்திருந்தது. அந்த ‘ங்க’வை நான் கற்றுக்கொடுக்கவில்லை; கொங்குத் தமிழ் அவளுக்குள் தானாகவே குடியேறியிருந்தது. அவள் மௌனமாக இருந்த மாதங்களிலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அன்று இரவு அந்த வாக்கியத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். அதிலிருந்து, எந்தப் பிள்ளை புதிதாக எதைச் சொன்னாலும் தேதி போட்டு எழுதுகிறேன். சில வாரங்களுக்கு ஒரு வரிகூட இருக்காது. அப்போது பழைய பக்கங்களைப் புரட்டுவேன்.

பீகார் மக்கள் சூரியனை வழிபடும் சத் பூஜைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போன அந்தச் சிறுமி திரும்பி வரவில்லை. இந்த வாரம் ஒரு புதுப் பையன் சேர்ந்திருக்கிறான். இதுவரை அவன் சொன்ன ஒரே சொல், பூனைப் படத்தைப் பார்த்துச் சொன்ன “பில்லி”; இந்தியில் பூனை. திங்கட்கிழமை அவனுக்காகப் பூனை மறுபடியும் கம்பெனி வாசலிலிருந்து நடந்து வர வேண்டும்.