தழும்பு திறந்த இரவு

இருபது வருஷமாகக் கோலாலம்பூரில் பிரசவ வார்டு மிஸ்ஸியாக இருக்கிறேன். அந்தச் சோமாலியப் பெண்ணைப் பரிசோதித்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. சிறுவயதிலேயே அவள் பிறப்புறுப்பை வெட்டித் தைத்திருந்தார்கள். சுண்டுவிரல்கூட நுழையாத துளை. அவள் கத்தவில்லை, என் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, தழும்பை மேல்நோக்கிக் கீறித் திறந்த பிறகுதான் குழந்தையின் தலை இறங்கியது.

தழும்புக்கு நெகிழ்வு கிடையாது, கிழியத்தான் செய்யும். ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் சொன்னது: இப்படித் தைக்கப்பட்டவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு அபாயம் 70 சதவீதம் கூடுதல். முதல் செக்கப்பிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

விடிகாலையில் மலாயில் மெதுவாகக் கேட்டாள்: "மறுபடி தைக்க மாட்டீர்கள்தானே?"

"மாட்டோம்மா," என்றேன், தமிழிலேயே.